முதியோர் இல்லம்: கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரிலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையோரம் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கைப் பதிவேட்டைக் கவனிப்பது என் வேலை. தொலைபேசியில் அழைப்பவர்களும், வாசலில் சற்று நேரம் தயங்கி நின்றுவிட்டு உள்ளே வருபவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்ததன் விளைவு இந்தத் தொகுப்பு. கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன். எங்கள் இல்லத்துக்கு ஆள் சேர்க்கும் நோக்கம் இதில் இல்லை. எங்களிடம் கட்டில் காலியாக இருப்பதே அரிது.

1. நர்சிங் ஹோம்னா ஆஸ்பத்திரிதானே? முதியோர் இல்லத்தையும் ஏன் அப்படிச் சொல்றாங்க?

நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவமும் குடல்வால் அறுவையும் நடக்கும் சிறிய தனியார் மருத்துவமனை. மேல்நாடுகளில் அதே சொல், நடக்கவும் தானே சாப்பிடவும் இயலாத முதியவர்கள் செவிலியர் மேற்பார்வையில் ஆண்டுக்கணக்கில் தங்கும் இடத்தைக் குறிக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அங்கிருந்து அந்தச் சொல்லைச் சொல்ல, இங்கே இருக்கும் அக்கா மஞ்சக்குப்பத்தில் ஏதோ ஒரு மருத்துவமனையை விசாரித்துக்கொண்டிருந்த கதை எங்களிடமே நடந்திருக்கிறது.

முதியோர் இல்லம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னாலும் ஒரே வகை இடம் இல்லை. ஆதரவற்றோருக்கான இலவச இல்லங்கள் உண்டு. மடங்களும் அறக்கட்டளைகளும் கன்னியர் சபைகளும் நடத்துபவை பெரும்பாலும் இந்த வகை. கட்டணம் செலுத்தித் தங்கும் இல்லங்களில் பல, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவரை மட்டும் ஏற்கும். படுக்கையில் இருப்பவரையும் மறதி நோய் உள்ளவரையும் வைத்துப் பார்ப்பவை அவற்றிலும் குறைவு. வசதியுள்ளோர் தனி வீடாக வாங்கிக் குடியேறும் முதியோர் குடியிருப்புகள் வேறொரு வகை. வீட்டாரின் மனக்கசப்புகளில் பாதி, இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஆளைக் கொண்டுவந்து விடுவதால் வருகிறது என்பது என் எண்ணம்.

2. அங்க யாருங்க இருக்காங்க? பிள்ளைங்க துரத்தி விட்டவங்கதானே?

அப்படி வந்தவர்களும் இருக்கிறார்கள். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பதிவேட்டைப் புரட்டினால் தெரிகிற முகங்கள் பலவகை. பிள்ளை இல்லாதவர்கள், திருமணமே செய்துகொள்ளாமல் தம்பி தங்கைகளை ஆளாக்கிய அத்தைகள், ஒரே மகளைத் தொலைதூரத்தில் கட்டிக்கொடுத்தவர்கள், மருமகளை இழந்து வீட்டில் சமைக்க ஆளில்லாமல் போனவர்கள் எனப் பலரும் அதில் உண்டு. மனைவி இறந்ததும் ஒரு பெட்டியோடு தாமே வந்து, முதல் நாளே செய்தித்தாள் எப்போது வரும் என்று விசாரிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உண்டு.

அண்மைக் காலமாக நான் அதிகம் காண்பது இன்னொரு வகை. சென்ற ஆண்டு 86 வயதுத் தாயை அழைத்துவந்த மகளுக்கு 64 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். ஆட்டோவிலிருந்து அம்மாவை இறக்க அவர் கை கொடுத்தபோது, யார் யாரைத் தாங்குகிறார்கள் என்பதே தெரியவில்லை. முதியவரைப் பார்த்துக்கொள்பவரும் முதியவராகிவிட்ட வீடு அது. அந்த அம்மாவைத் துரத்தப்பட்டவர் என்று எழுத எனக்குக் கை வராது.

எந்த இல்லத்துக்குப் போனாலும் பெண்கள் கூடுதலாக இருப்பதைப் பார்க்கலாம். பெண்களின் ஆயுள் சற்று நீளம். போன தலைமுறையில் கணவருக்கும் மனைவிக்கும் எட்டு பத்து வயது இடைவெளி இருந்தது. எனவே மனைவி கடைசிவரை கணவரைப் பார்த்து அனுப்பிவிட்டு, தன்னைப் பார்க்க ஆளில்லாமல் நிற்கிறார்.

3. மொத்தம் எத்தனை பேர் இப்படி இல்லங்கள்ல இருக்காங்க? ரொம்பப் பெருகிடுச்சா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயது கடந்தோர் இந்தியாவில் 10.38 கோடிப் பேர். நாட்டின் மொத்த மக்கள்தொகையில் அது 8.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் அந்தப் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 2050ஆம் ஆண்டில் இந்தியரில் ஐவரில் ஒருவர் 60 கடந்தவராக இருப்பார் என்பது ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட மதிப்பீடு.

இல்லத்தில் தங்கியிருப்பவர்களைக் கணக்கெடுப்பாளர்கள் விடுதி, சிறை முதலியவற்றில் வாழ்வோரோடு சேர்த்து நிறுவனக் குடும்பங்கள் என்ற தலைப்பில் எழுதுகிறார்கள். ஆகவே இல்லங்களில் மட்டும் எத்தனை பேர் என்ற எண் என் கையில் இல்லை. அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்னும் செவிலியர் பராமரிப்பு இல்லங்களில் இருப்போர் சுமார் 12 லட்சம், அதாவது 65 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 50 பேருக்கு ஒருவர். மேல்நாட்டிலேயே பெரும்பாலோர் வீட்டில்தான் முதுமையைக் கழிக்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது. நம் நாட்டில் 2017–18இல் நடந்த லாசி என்னும் முதுமை ஆய்வு, 60 கடந்தோரில் 5.7 விழுக்காட்டினர் தனியாகவே வாழ்கிறார்கள் என்று கண்டது. எங்கள் வாசலுக்கு வருபவர்களில் பலர் அந்தத் தனி வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள்.

4. காசே இல்லை. இலவசமா சேர்க்க வழி இருக்கா?

இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும் இல்லம் ஒன்றை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. அமைக்கலாம் என்பதற்கும் அமைத்தே ஆகவேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தை வாசிப்பவரே உணர்ந்துகொள்ளட்டும். நடைமுறையில், அரசு மானியம் பெற்றுத் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களே இந்தப் பணியில் பெரும் பங்கைச் சுமக்கின்றன.

கடலூர் மாவட்டத்தில் மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகினால் பதிவுபெற்ற இல்லங்களின் விவரம் கிடைக்கும். 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணுக்கு நாட்டின் எந்த இடத்திலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம். பேருந்து நிலையத்திலோ கோயில் வாசலிலோ நிராதரவாக இருக்கும் முதியவரைப் பார்த்தாலும் அந்த எண்ணுக்கே சொல்லலாம்.

5. மாசம் எவ்வளவு ஆகும்னு ஒரே வார்த்தையில சொல்லுங்களேன்.

ஒரே வார்த்தையில் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கட்டணத்துக்கு மூன்று பகுதிகள் உண்டு. சேரும்போது கொடுக்கும் முன்பணம் முதலாவது; அதில் எவ்வளவு திரும்பும், இறந்தால் யாரிடம் திரும்பும் என்பதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். உணவும் இருப்பிடமும் அடங்கிய மாதக் கட்டணம் இரண்டாவது.

மூன்றாவதுதான் வீட்டாரைத் திணறவைக்கும். டயப்பர், சர்க்கரை பார்க்கும் பட்டை, மருந்து, முடிதிருத்துபவருக்குக் கூலி, மருத்துவமனைக்குக் கூடப் போகும் ஆளுக்கு நாள் சம்பளம், ஆட்டோ வாடகை ஆகியவை தனியாக வரும். நடமாடிக்கொண்டிருந்தவர் படுக்கையில் விழுந்தால் மாதக் கட்டணமும் உயரும். எந்த நிலையில் எவ்வளவு உயரும் என்பதை முதல் நாளே தாளில் எழுதித் தரும் இல்லம் நம்பத்தக்கது.

6. போய்ப் பார்க்கிறப்போ எதைப் பார்க்கணும்? எல்லா இடமும் பளபளன்னுதான் இருக்கு.

வரவேற்பறையைப் பார்க்காதீர்கள். காலை 11 மணிக்குச் சொல்லிவிட்டுப் போவதைவிட, மாலை 7 மணிக்குச் சொல்லாமல் போவது நல்லது. பகல் பணியாளர் கிளம்பி, இரவுப் பணியாளர் வந்திருக்கும் நேரம் அது. இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். விழித்திருக்கும் ஆளைத்தான் கேட்க வேண்டும். வளாகத்தில் தங்கியிருக்கும் ஆள் கணக்கில் வராது. படுக்கையில் இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஒருவரைத் திருப்பி, நனைந்த துணியை மாற்றி, கையைக் கழுவ 10 நிமிடம் ஆகும். 12 பேருக்கு ஒரே ஆள் என்றால் ஒரு சுற்று முடிகிற நொடியில் அடுத்த சுற்று தொடங்க வேண்டும். அந்த ஆள் தண்ணீர் குடிக்கவும் உட்கார முடியாது. ஆகவே திருப்புதல் ஏட்டில் மட்டும் நடக்கும்.

பிறகு கட்டிலருகே நின்று பாருங்கள். தண்ணீர்ச் சொம்பு கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா, மேசை ஓரத்தில் அழகாக வைக்கப்பட்டிருக்கிறதா? அழைப்பு மணியின் பொத்தான் தலையணைக்கு அருகே இருக்கிறதா, சுவரில் சுருட்டி மாட்டப்பட்டிருக்கிறதா? குதிகால்களையும் நகங்களையும் பாருங்கள். முகத்துக்குப் பவுடர் போட்டுவிடுவது எளிது, கால்நகத்தை வெட்டிவிடுவதற்குப் பொறுமை வேண்டும். கழிப்பறையில் கைப்பிடி இருக்கிறதா, தரை ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். பினாயில் வாடை மட்டும் தூக்கலாக அடித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அங்கிருக்கும் முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள். சாப்பாடு எப்படி என்று கேட்டதும் அவர் பணியாளரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால், அந்தப் பார்வையே உங்களுக்கான பதில்.

7. அம்மா வரவே மாட்டேங்கிறாங்க. ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்துடலாமா?

கூடாது. அப்படி அழைத்துவரப்பட்ட ஓர் அம்மா, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டபடி மஞ்சள் பையை மடியிலிருந்து இறக்காமல் மூன்று நாள் அமர்ந்திருந்தார். பையில் ஒரு மாற்றுப்புடவையும் பழைய மருத்துவச் சீட்டுகளும் இருந்தன. நான்காம் நாள் அவருக்குப் புரிந்தது. மகனிடம் அவர் மீண்டும் பேச ஐந்து மாதம் ஆயிற்று. இல்லத்துக்கு வந்ததை அவர் சில வாரங்களிலேயே ஏற்றுக்கொண்டார். பொய் சொன்னதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள். ஒரு முறை வந்து பார்த்துவிட்டு ஒரு வேளை சாப்பிட்டுப் போகச் சொல்லுங்கள். பிறகு ஒரு வாரம் தங்கிப் பார்க்கட்டும். சுயநினைவோடு இருக்கும் முதியவர் மறுத்தால், அவரை வலுக்கட்டாயமாக ஓரிடத்தில் வைக்க மகனுக்கும் உரிமை இல்லை, எங்களுக்கும் இல்லை. அவருடைய தலையணை, சாமி படம், ரேடியோ, ஊறுகாய் ஜாடி ஆகியவை கூடவே வர அனுமதிக்கும் இல்லமாகப் பாருங்கள்.

8. அப்பாவுக்கு மறதி. சாயங்காலம் ஆனா வீட்டுக்குப் போகணும்னு கிளம்பிடறாரு. எடுத்துப்பீங்களா?

மறதி நோய் இப்போது அரிதானதன்று. இந்தியாவில் 60 கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, அது இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பொழுது சாயும்போது பதற்றம் கூடுவது அந்த நோயின் இயல்பு. சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே வீட்டுக்குப் போகவேண்டும் என்பார்கள். அவரோடு வாதாடாமல், வாசல்வரை கூடவே நடந்து ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவது பெரும்பாலும் பலன் தரும். அதற்கு ஒதுக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 6ஆம் கேள்வியில் சொன்ன இரவுக் கணக்கை இங்கே மாலைக் கணக்காக்கிக்கொள்ளுங்கள். சுற்றுச்சுவரும் வாயிற்காவலும் இல்லாத இல்லம் இவருக்கு ஏற்றதன்று, குறிப்பாக நெடுஞ்சாலை அருகில் இருந்தால்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால் அது மறதி நோய் முற்றியதால் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் உப்புச்சத்துக் குறைவு, நீர் வற்றுதல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை ஆகியவை அப்படிச் செய்யும். அன்றே மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கத்திரி வெயில் நாள்களில் நாங்கள் இதை அடிக்கடி பார்க்கிறோம்.

9. படுத்த படுக்கையா இருக்காங்க. முதுகுல புண்ணு வேற. இப்போ சேர்க்கலாமா?

முதலில் புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். படுக்கைப்புண் இடுப்புக்குக் கீழ் முதுகெலும்பு முடியும் இடத்திலும், இடுப்பின் பக்கவாட்டிலும், குதிகாலிலும் வரும். வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவு தெரிந்தாலும் உள்ளே குழி ஆழமாக இருக்கக்கூடும். திருப்பிப் படுக்கவைத்தல், ஈரமின்மை, புரதம் நிறைந்த உணவு ஆகிய மூன்றும் இல்லாமல் எந்தக் களிம்பும் அதை ஆற்றாது. காற்றுப் படுக்கை உதவும். ஆனால் காற்றுப் படுக்கை வாங்கிவிட்டோம் என்று திருப்புவதை நிறுத்திவிடும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும் நிலையென்றால், தலையை உயர்த்தி வைத்தே கொடுக்க வேண்டும். கொடுத்தபின் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியா வரும். குழாயை மாற்றத் தெரிந்த செவிலியர் அந்த இல்லத்தில் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதானால், கடலூர்ப் பக்கத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறைப் பயிற்சியும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

10. அங்க போனா சொறி சிரங்கு ஒட்டிக்குமாமே?

பலர் நெருங்கி வாழும் இடத்தில் சிரங்குப்பூச்சி பரவக்கூடியதுதான். ஒருவருக்குக் கண்டால் அந்தக் கூடத்தில் உள்ள எல்லோருக்கும், பணியாளர்களுக்கும், அண்மையில் வந்துபோன உறவினருக்கும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடியும் பூச வேண்டும். மருந்தை மருத்துவர் சொல்வார். எங்கள் இல்லத்தில் வந்ததே இல்லை என்று சாதிக்கும் இல்லத்தைவிட, வந்தபோது என்ன செய்தோம் என்று விவரிக்கும் இல்லம் மேல்.

11. கீழ விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா யார் பொறுப்பு?

இல்லத்தாரின் கவனக்குறைவால் விழுந்தால் இல்லம் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் எவ்வளவு கவனித்தாலும் முதியவர்கள் விழுவார்கள். விழாமல் இருக்கக் கட்டிலோடு கட்டிவைக்கிறோம் என்று சொல்லும் இடத்திலிருந்து உடனே அழைத்துவந்துவிடுங்கள். கட்டிவைப்பதால் புண்ணும் பயமும் வரும், தசையும் கரையும். அவிழ்த்துக்கொள்ள முயன்று விழுந்தால் அடி இன்னும் மோசமாக இருக்கும்.

இடுப்பு எலும்பு முறிவுக்கு இயன்றால் 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்துவிடுவது நல்லது. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கோ நாங்கள் கொண்டுபோய்விடுவோம். ஆனால் அறுவைக்கான ஒப்புதல் கையெழுத்துக்கு உறவினரைக் கேட்பார்கள். அந்த நேரத்தில் மகன் தொலைபேசியை எடுக்காமல் ஒரு நாள் முழுதும் வீணான நிகழ்ச்சி எங்களிடம் உண்டு. ஆகவே சேரும்போதே இரண்டு பேரின் எண்களைக் கேட்கிறோம். அவர்களில் ஒருவராவது 2 மணி நேரத்தில் வந்துசேரும் தொலைவில் இருக்க வேண்டும்.

12. வீட்டை எழுதி வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. திரும்ப வாங்க முடியுமா?

முடியக்கூடும். 4ஆம் கேள்வியில் குறிப்பிட்ட சட்டத்தின் 23ஆம் பிரிவு, என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்த குடிமகன் எழுதிக்கொடுத்த சொத்தைப் பெற்றவர், அதன்படி பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்க, அந்தச் சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்துக்கு இடம் கொடுக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எழுதிய பத்திரங்களுக்கே இது பொருந்தும்.

சிக்கல் அந்த நிபந்தனை என்ற சொல்லில் இருக்கிறது. பெரும்பாலான செட்டில்மென்ட் பத்திரங்களில் அன்பின் காரணமாக எழுதிவைக்கிறேன் என்றுதான் இருக்கும். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வரி இருக்காது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அத்தகைய நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியோரைக் காக்கும் சட்டம் ஆதலால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய்க்கு அவர் எழுதிக்கொடுத்த சொத்தைத் திருப்பித் தந்தது. இனி எழுதப் போகிறவர்கள் அந்த ஒற்றை வரியைப் பத்திர எழுத்தரிடம் கேட்டுச் சேர்த்துவிட்டால் இந்த வாதமே எழாது. அதைவிட எளிய வழி உயில். உயிரோடு இருக்கும்வரை அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் எழுதிப் பதிந்தால் அன்றே கை மாறிவிடும்.

13. பிள்ளைங்க கிட்ட மாசாமாசம் பணம் கேட்டு மனு போடலாமா? மகள் மேலயும் போடலாமா?

போடலாம். மகன், மகள், வயதுவந்த பேரன் பேத்தி ஆகியோர் மீது மனுக் கொடுக்கலாம். பிள்ளை இல்லாதவர், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது தமக்குப்பின் அதை அடையப்போகும் உறவினர் மீது கொடுக்கலாம். உட்கோட்ட அதிகாரி நிலைக்குக் குறையாத ஒருவரே தீர்ப்பாயத்தின் தலைவர். கடலூர் மாவட்டத்தில் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் கோட்டாட்சியர்கள். 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதம் 10,000 ரூபாய்வரை தரும்படி உத்தரவிடலாம். எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும். மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். உத்தரவு பிடிக்காவிட்டால் முதியவர் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நடக்க முடியாதவருக்காக அவர் அதிகாரம் அளித்த வேறொருவரோ தொண்டு நிறுவனமோ மனுக் கொடுக்கலாம்.

பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் உள்ளவர் முதியவரை எங்காவது விட்டுவிட்டுப் போனால் 3 மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. இதை நான் எடுத்துச் சொன்னால் பெரும்பாலான தாய்மார்கள், வேண்டாம் தம்பி, அவன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எழுந்துவிடுகிறார்கள்.

14. பென்ஷன் வாங்கறவர் இல்லத்துல இருந்தா வாழ்வுச் சான்று எப்படிக் கொடுக்கிறது?

இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே மின்னணு வாழ்வுச் சான்று கொடுக்கலாம். ரேகை தேய்ந்துபோனவர்களுக்கு இது பெரிய உதவி. கட்டணம் கட்டினால் தபால்காரரும் நேரில் வந்து எடுத்துக்கொடுப்பார். மத்திய அரசு ஓய்வூதியர் நவம்பரிலும், 80 கடந்தவர்கள் அக்டோபரிலிருந்தும் கொடுக்கலாம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்குப் பிரான்சிலிருந்து வரும் வாழ்வுச் சான்றுப் படிவம் பழைய முகவரிக்கே போய்க் கிடக்கும். வீட்டை விட்டு வரும்போது முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க மறக்கக் கூடாது.

வங்கி அட்டையும் அதன் ரகசிய எண்ணும் யாரிடம் இருக்கின்றன என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். இல்லத்தார் அதை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து, இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே சொல்கிறேன்.

15. எங்க வீடு கடலூர். இல்லம் பாண்டிச்சேரி எல்லைக்குள்ள. ஏதாவது சிக்கல் வருமா?

கடலூரைத் தாண்டிச் சில கிலோமீட்டரிலேயே புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்ப் பகுதி வந்துவிடுகிறது. பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லை கடந்ததே தெரியாது, தாளில் மட்டும் தெரியும். தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அது தமிழ்நாட்டில் வசிப்பவருக்கு உரியது. புதுச்சேரி அரசு தன் பகுதியில் வசிப்பவருக்குத் தனியாக வழங்குகிறது. நிரந்தரமாகக் குடிபெயர்ந்ததை மறைத்துப் பழைய இடத்தில் வாங்கிக்கொண்டிருந்தால் விசாரணையில் நின்றுபோகும். மருத்துவக் காப்பீட்டு அட்டையும் அப்படியே. எந்த மருத்துவமனையில் செல்லும் என்று சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டு, வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான். பெயரை மாற்ற 8ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும். 85 வயது கடந்தவர்கள் 12-டி படிவம் கொடுத்தால், தேர்தல் அலுவலர்கள் தங்குமிடத்துக்கே வந்து தபால் ஓட்டை வாங்கிச் செல்வார்கள். அந்த நாளில் எங்கள் தாத்தாக்கள் சலவை வேட்டி கேட்பார்கள்.

16. புயல் வெள்ளம்னா என்ன பண்ணுவீங்க?

இந்தக் கடற்கரையில் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று. ஆனால் கேட்பவர் குறைவு. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. 2024 நவம்பர் 30இல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாள்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது.

நடக்க முடியாத முதியவர்கள் இருக்கும் கட்டடத்தில் ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது. அது தரைமட்டத்தில் இருந்தால் தண்ணீர் ஏறிய முதல் மணி நேரத்திலேயே நின்றுவிடும். மேடைமேல் இருக்கிறதா, எத்தனை நாள் டீசல் இருப்பு உண்டு, இன்சுலினை எங்கே குளிர்ச்சியாக வைப்பார்கள், கைப்பம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். படுக்கையில் இருப்பவர்கள் மாடியில் இருந்தால் வெள்ளத்துக்கு நல்லது, தீ விபத்துக்குக் கெட்டது. சாய்தளப் பாதை உள்ள உயரமான தரைத்தளமே சிறந்தது.

17. விட்டுட்டு வந்த பிறகு எத்தனை நாள் கழிச்சுப் பார்க்கலாம்? உடனே வந்தா பழக மாட்டாங்கன்னு சொல்றாங்களே.

முதல் வாரம் வராதீர்கள் என்று சொல்லும் இல்லங்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மறுநாளே வாருங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து அழுவதைவிட, வாரம் இரண்டு முறை அரை மணி நேரம் வந்து, தலை வாரிவிட்டு, நகம் வெட்டிவிட்டுப் போவது நல்லது. அடிக்கடி உறவினர் வந்துபோகும் கட்டிலைப் பணியாளர்களும் கூடுதலாகவே கவனிக்கிறார்கள். இது நியாயமன்று; ஆனால் நடப்பது இதுதான்.

18. அங்கேயே இறந்துட்டா என்ன செய்வீங்க? கேட்கக் கூடாதுதான்...

கேட்க வேண்டிய கேள்விதான். மருத்துவர் வந்து இறப்பை உறுதிசெய்து காரணச் சான்று தருவார். உறவினருக்குத் தகவல் சொல்லி, அவர்கள் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைப்போம். வீட்டுக்கு எடுத்துச் செல்வீர்களா, இங்கிருந்தே காரியம் செய்வீர்களா, எரிப்பதா புதைப்பதா என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே கேட்டிருப்போம். கண்தானம் செய்ய விருப்பம் இருந்தால் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்திருப்போம்.

இறப்பை, நிகழ்ந்த இடத்தில்தான் பதிய வேண்டும், 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. 15ஆம் கேள்வியில் சொன்ன எல்லை இங்கே மறுபடி குறுக்கிடும். சொந்த ஊர் நெல்லிக்குப்பமாக இருந்தாலும் இறந்த இல்லம் பாகூர்ப் பக்கம் இருந்தால், அங்குள்ள உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்தில்தான் சான்று வாங்க வேண்டும். பிறகு வாரிசுச் சான்றுக்கும் வங்கிக்கும் அந்தச் சான்றே வேண்டியிருக்கும்; பெயர் ஆதாரில் உள்ளபடி, முதலெழுத்து உட்பட, சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

தோடு, மூக்குத்தி, மோதிரம், கைக்கடிகாரம், காது கேட்கும் கருவி, பல்செட்டு ஆகியவற்றைச் சேரும் நாளிலேயே பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தால், அன்றைக்கு அதை வைத்துச் சரிபார்த்து ஒப்படைப்போம். பட்டியல் இல்லாத ஒரு மூக்குத்திக்காக இரு மகள்கள் எங்கள் அலுவலக மேசைக்கு எதிரே சண்டையிட்டபின், சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் அந்தக் கட்டத்தை நானே ஸ்கேலும் பேனாவும் வைத்துப் போட்டேன்.